ஊசி எழுதிய பெயர்கள்

இழையையும் ஏட்டையும் ‘நூல்’ என்னும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது. பஞ்சிலிருந்து இழை பிறப்பதையும் சொல்லிலிருந்து நூல் பிறப்பதையும் ஒப்புமை காட்டி விளக்கினார் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர். ‘பா’ என்பது செய்யுளுக்கும் பெயர். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைக்கும் பெயர். ‘தையல்’ என்பதோ ஊசிவேலையையும் பெண்ணையும் ஒருங்கே சுட்டும். இத்தனை உறவுகளைச் சொல்லளவில் போற்றிய நாமும், எழுத்தின் வரலாற்றைப் பேச வரும்போது கல், செப்பேடு, ஓலை, தாள் என்று வரிசைப்படுத்தி நின்றுவிடுகிறோம். துணியை அவ்வரிசையில் சேர்ப்பதில்லை. உளி, எழுத்தாணி, இறகு என்று கருவிகளை அடுக்கும்போது ஊசியை எண்ணுவதுமில்லை.

இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும், பின்னர் அமெரிக்காவிலும் சில நூற்றாண்டுக் காலம் எண்ணற்ற சிறுமியர் துணியின்மேல் ஊசியால் எழுதினர். அரிச்சுவடி, எண்கள், ஒரு செய்யுள், ஒரு வீடு, ஒரு மரம், இரண்டு பறவைகள். அடியில் பெயர், வயது, ஆண்டு. ஆங்கிலத்தில் இதற்குச் ‘சாம்ப்ளர்’ என்று பெயர். இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னே இருக்கும் இத்துணிகளை அழகுப் பொருள்களாகப் பார்த்துச் செல்வோரே மிகுதி. அவற்றை எழுத்தாகப் படித்தால் என்ன கிடைக்கும் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டுத் துணி

‘எக்ஸெம்ப்ளம்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு எடுத்துக்காட்டு, மாதிரி என்று பொருள். அது பிரெஞ்சு வழியாகத் திரிந்து ஆங்கிலத்தில் ‘சாம்ப்ளர்’ ஆயிற்று. பெயருக்கேற்பத் தொடக்கத்தில் அது ஒரு குறிப்பேடாகவே பயன்பட்டது. அச்சிட்ட மாதிரிப் புத்தகங்கள் இல்லாத காலத்தில், ஒரு பூவின் வடிவத்தையோ கரையின் அமைப்பையோ எங்கேனும் கண்ட பெண் அதை மறவாதிருக்க ஒரு துண்டுத் துணியில் தைத்து வைத்துக்கொண்டாள். வேண்டியபோது சுருளை விரித்துப் பார்த்துப் பெரிய துணியில் பெயர்த்தாள். இவ்வாறு வைத்திருந்தோர் பெரும்பாலும் வளர்ந்த பெண்கள், கைத்திறனில் தேர்ந்தவர்கள். அரசியரும் இதற்கு விலக்கல்லர். ஏழாம் ஹென்றியின் துணைவியான எலிசபெத் அரசியின் 1502-ஆம் ஆண்டுச் செலவுக் கணக்கில், அரசியின் சாம்ப்ளருக்காக வாங்கிய லினன் துணிக்கு 8 பென்ஸ் கொடுத்த பதிவு இருக்கிறது. 1520-களில் ஜெர்மானிய நகரங்களில் மாதிரிப் புத்தகங்கள் அச்சாகத் தொடங்கின. அவை பெருகப் பெருகத் துணிக் குறிப்பேட்டின் தேவை குறைந்தது. ஆனால் துணி மறையவில்லை. தேர்ந்த கைகளிலிருந்து கற்கும் கைகளுக்கு இறங்கியது.

ஆண்டு குறிக்கப்பட்டு இன்றுவரை கிடைத்துள்ள பிரிட்டானியச் சாம்ப்ளர்களுள் மிகப் பழையது 1598-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதைத் தைத்தவர் ஜேன் பாஸ்டாக் என்னும் பெண். விலங்குகளும் செடிகொடிகளும் நெருங்கிய பின்னல் வடிவங்களும் உள்ள அத்துணியில் எழுத்துகளும் இருக்கின்றன. அங்கே தம் பெயரையும் ஆண்டையும் தைத்ததோடு, ஆலிஸ் லீ என்னும் குழந்தை 1596 நவம்பர் 23-ஆம் நாள் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்த செய்தியையும் ஜேன் பதிந்திருக்கிறார். நாளும் கிழமையும் பொழுதும் தவறாத இப்பதிவைப் படிக்கையில் நம் வீட்டு ஓலைச் சாதகங்கள் நினைவுக்கு வருகின்றன. பூவேலை மாதிரிகளைத் தொகுக்கும் துணியில் ஒரு குழந்தையின் பிறப்பு ஏன் இடம்பெற வேண்டும்? அந்தக் குழந்தைக்கு அன்பளிப்பாக அது தைக்கப்பட்டிருக்கலாம் என்பர். எவ்வாறாயினும், வடிவங்களுக்கு நடுவே ஒரு செய்தி நுழைந்துவிட்டது.

எழுத்தும் சலவைக்குறியும்

பதினேழாம் நூற்றாண்டுச் சாம்ப்ளர்கள் ஒடுங்கி நீண்டவை. ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரை வடிவங்கள் வரிவரியாக இறங்கும். அந்நூற்றாண்டில்தான் அரிச்சுவடி அவற்றுள் நிலையான இடம் பெற்றது. இதற்கு இலக்கியக் காரணம் எதுவுமில்லை. இல்லறக் காரணமே உண்டு. வசதியுள்ள வீடுகளில் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, துவாலை, உள்ளாடை என லினன் துணிகள் அடுக்கடுக்காக இருக்கும். சலவைக்குப் போய்த் திரும்பும்போது இன்னார் வீட்டுத் துணி என்று அறியவும், ஒரே துணியை மீண்டும் மீண்டும் எடுக்காமல் முறைவைத்துப் பயன்படுத்தவும், ஒவ்வொன்றின் ஓரத்திலும் குடும்பத்தலைவியின் பெயரெழுத்துகளையும் எண்ணையும் தைத்து வைத்தனர். நம் ஊர்களில் சலவைத் தொழிலாளர் மையால் இட்ட குறியை அங்கே வீட்டுப் பெண் நூலால் இட்டாள். அதற்காகவே சிறுமி எழுத்தும் எண்ணும் தைக்கக் கற்றாள்.

தைக்கும் முறையும் அறிதற்குரியது. லினன் துணியில் பாவும் ஊடும் சதுரக் கட்டங்களாக அமைகின்றன. அக்கட்டங்களை எண்ணி, ஒரு சாய்வுத் தையலும் அதன்மேல் எதிர்ச்சாய்வாக மற்றொரு தையலும் இட்டால் ஒரு சிறு பெருக்கற்குறி உண்டாகும். இக்குறிகளின் கூட்டத்தால் எழுத்தின் உரு அமையும். புள்ளிகளை எண்ணிக் கோலமிடும் கைக்கு இக்கணக்கு அயலானதன்று. ஆனால் கோலம் மறுநாள் காலை அழியும். இங்கோ ஓர் இழை தப்பினாலும் எழுத்து கோணும். பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டும். ஓர் எழுத்துக்குப் பல குறிகள், ஒரு வரிக்குப் பல எழுத்துகள் என்று கணக்கிட்டால், ஒரு சாம்ப்ளரில் அடங்கிய பொழுது எவ்வளவு என்பது விளங்கும். பேனாவால் ஒரு நொடியில் எழுதும் எழுத்தில் அந்தச் சிறுமி பல நிமிடங்கள் தங்கினாள்.

பழைய சாம்ப்ளர்கள் பலவற்றில் ஆங்கில நெடுங்கணக்கு நிறைவாக இராது. ‘ஜே’ என்னும் எழுத்தும் ‘யூ’ என்னும் எழுத்தும் காணப்படா. அவற்றின் பணியை ‘ஐ’, ‘வி’ என்னும் எழுத்துகளே செய்துவந்த காலத்தின் வழக்கு அது. நம் ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துகள் புள்ளியின்றி எழுதப்பட்டதும், எகர ஏகார வேறுபாடு வரிவடிவில் தெளியாதிருந்ததும் எழுத்து வரலாற்றை அறிந்தோர்க்குத் தெரியும். ஏட்டைப் போலவே துணியும் தன் காலத்து வரிவடிவத்தைக் காத்து வைத்திருக்கிறது.

இரவல் சொற்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் சாம்ப்ளரின் தோற்றம் மாறியது. நீண்ட சுருள் சதுரமாயிற்று. சுற்றிலும் ஸ்ட்ராபெரிப் பழமும் கொடியும் ஓடும் கரை அமைந்தது. நடுவே ஆதாமும் ஏவாளும், வீடும் மரமும் நின்றன. லினனுக்குப் பதிலாக மெல்லிய கம்பளித் துணியும் பரவியது. அதை அந்துப்பூச்சி விரும்பித் தின்றதால், கிடைத்துள்ளவற்றில் பலவற்றில் துளைகளைக் காண்கிறோம். எல்லாவற்றிலும் பெரிய மாற்றம், செய்யுள் வந்து அமர்ந்தது. துதிப்பாடல்கள், விவிலிய வாசகங்கள், அறவுரைகள் ஆகியன நிறைந்தன. சிறுவர்க்கான பக்திப் பாடல்களை 1715-ல் வெளியிட்ட ஐசக் வாட்ஸின் வரிகள் பல துணிகளில் இடம்பெற்றன. பெற்றோர்க்குப் பணிதல், பொழுதை வீணாக்காமை, இளமையின் நிலையாமை, மரணத்துக்கு ஆயத்தமாதல் இவையே பாடுபொருள். எட்டு வயதுக் குழந்தை தன் சாவைப் பற்றிய செய்யுளை எழுத்தெழுத்தாக எண்ணித் தைத்த காட்சியை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

தையலைக் கற்பிப்பது ஒரு நோக்கம். பெண்ணைப் படிய வைப்பது மற்றொரு நோக்கம். குனிந்த தலையும் அசையாத உடலும் வாய் பேசாத பொழுதும் தையலோடு சேர்ந்தே பயிற்றப்பட்டன. கலை வரலாற்றாய்வாளர் ரோசிகா பார்க்கர் 1984-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்து, பெண்மை என்று சமுதாயம் வகுத்ததை ஊசி எவ்வாறு பழக்கியது என்று காட்டினார். அதே ஊசி அப்பழக்கத்தை எதிர்க்கும் கருவியாகவும் ஆனது என்பதும் அவர் துணிபு.

இங்கே வர்க்க வேறுபாட்டையும் மறத்தலாகாது. செல்வர் வீட்டுப் பெண்ணின் சாம்ப்ளர் பல நிறப் பட்டுநூலால் ஆகிச் சட்டமிட்டு வரவேற்பறையில் தொங்கும். ஏழைச் சிறுமிக்கோ அது பிழைப்புக்கான சான்றிதழ். பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் நடத்திய அநாதை இல்லத்துச் சிறுமியர் தைத்தவை இதற்குத் தக்க சான்று. வெண்துணியில் பெரும்பாலும் சிவப்பு நூலால், பல அளவிலும் பல வடிவிலும் அரிச்சுவடிகள் இடைவெளியின்றி நிறைந்திருக்கும். வேலைக்கு அமர்த்தும் வீட்டார் துணிக்குறியிடும் திறமையை அதில் கண்டுகொள்வர்.

அறச்சாலைப் பள்ளிகள் பலவற்றில் பெண்பிள்ளைகளுக்கு வாசிக்கவும் தைக்கவும் பின்னவும் கற்பித்தனர். எழுதக் கற்பிப்பது தேவையற்றது என்று கருதியோர் இருந்தனர். வாசிப்பு பணிவைத் தரும். எழுத்தோ நிலைக்கு மீறிய ஆசையைத் தரும் என்று அஞ்சினர். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில் மணமகளிர் ஏறத்தாழப் பாதிப்பேர் கையொப்பத்துக்குப் பதிலாகக் கீறலே இட்டனர். கைந்நாட்டின் வலியை அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. தாளில் பெருக்கற்குறி மட்டுமே இட முடிந்தவர்களுள், அதே பெருக்கற்குறிகளைக் கொண்டு தன் பெயரைத் துணியில் முழுமையாகத் தைத்தறிந்த பெண்களும் இருந்திருப்பர் அல்லவா?

பெயர் நின்ற இடம்

வடிவம் ஆசிரியையுடையது, செய்யுள் பாவலனுடையது, நோக்கம் பெற்றோருடையது. அவ்வாறாயின் சிறுமிக்கு உரியது எது? துணியின் அடியில் நிற்கும் பெயர், வயது, ஆண்டு ஆகியவையே. எல்லாச் சொல்லும் இரவலாயிருக்க, அந்த ஒரு வரி மட்டும் அவளுடையது.

அமெரிக்க மண்ணில் தைக்கப்பட்டவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது லோரா ஸ்டாண்டிஷ் என்னும் பெண்ணுடையது. மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிளிமத் நகரில் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் உள்ளது. தந்தை மைல்ஸ் ஸ்டாண்டிஷ், அக்குடியேற்றத்தின் படைத்தலைவர். வரலாற்று நூல்கள் பேசும் பெயர். 1656-ல் இறந்த அவர், தமக்கு முன்பே மறைந்துவிட்ட மகள் லோராவின் அருகே தம்மை அடக்கம் செய்யுமாறு விருப்ப ஆவணத்தில் எழுதிவைத்தார். தந்தையைப் பற்றி எத்தனையோ ஏடுகள் உண்டு. இளமையில் மறைந்த மகள் தன் கையால் விட்டுச்சென்ற சொல் அந்தத் துணியில் இருக்கிறது.

ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. சில சாம்ப்ளர்களில் பிறந்த ஆண்டின் கடைசி எண்கள் பிரித்தெடுக்கப்பட்டிருக்கின்றன. சிறுமியாயிருந்தபோது பெருமையோடு தைத்த ஆண்டு, சுவரில் தொங்கித் தன் வயதை வருவோர்க்கெல்லாம் அறிவிப்பதை முதிர்ந்த பெண் விரும்பவில்லை போலும். அமெரிக்கச் சிறுமி ஒருத்தி, ஒவ்வொரு தையலையும் வெறுத்துக்கொண்டே இதைத் தைத்தேன் என்ற கருத்தைப் பெயரோடு சேர்த்துத் தைத்துவிட்டாளாம். இரவல் செய்யுளுக்கு நடுவே ஒரு சொந்த வாக்கியம்!

நம் சங்கத் தொகைகளை இங்கே நினைத்துப் பார்க்கலாம். இயற்பெயர் தெரியாமற்போன புலவர்களுக்கு அவர்தம் பாட்டில் வந்த தொடராலேயே பெயரிட்டனர் தொகுத்தோர். செம்புலப்பெயனீரார் அவ்வாறு பெயர் பெற்றவர். அங்கே பாட்டு நின்றது, பெயர் மறைந்தது. சாம்ப்ளரில் பெயர் நின்றது. அந்தப் பெண் பாடியிருக்கக்கூடிய பாட்டு எதுவென்று அறிய வழியில்லை. ஒன்றின் குறையை மற்றொன்றன் நிறைவால் அளந்து பார்க்கும்போது இரண்டின் அருமையும் விளங்குகிறது.

பாட்டும் கிடைத்த அரிய நேர்வு ஒன்று உண்டு. யார்க்ஷயரில் உள்ள ஹாவொர்த் என்னும் ஊரில் பிரான்ட்டி உடன்பிறந்தாரின் இல்லம் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1829-ல் ஷார்லட்டும் எமிலியும் தைத்து முடித்த சாம்ப்ளர்கள் அங்குள்ளன. எமிலிக்கு அப்போது வயது 10, ஷார்லட்டுக்கு 12. பகட்டான நிறமில்லை, பூவும் பறவையும் இல்லை. விவிலிய வாசகங்களும் அடியில் பெயரும் மட்டுமே. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1847-ல், ‘ஜேன் அயர்’, ‘வுதரிங் ஹைட்ஸ்’ என்னும் புதினங்கள் வெளிவந்தபோது அவற்றின் முகப்பில் இருந்த பெயர்கள் கரர் பெல், எல்லிஸ் பெல். பெண் எழுதியது என்றால் முன்முடிவோடு நோக்குவர் என்று அஞ்சிச் சூட்டிக்கொண்ட புனைபெயர்கள் அவை. பிறருடைய சொற்களைத் தைத்த துணியில் சொந்தப் பெயரை இட முடிந்தது; சொந்தச் சொற்களால் ஆன நூலில் இட முடியவில்லை. பெண்ணின் பெயருக்கு எங்கே இடமிருந்தது, எங்கே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு வேண்டுமோ?

துணியே கடிதமாக

இம்மரபின் எல்லைகளை எல்லாம் தாண்டிய ஒரு துணி உண்டு. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அது, சுமார் 1830-ல் எலிசபெத் பார்க்கர் என்னும் இளம்பெண் தைத்தது. சஸெக்ஸ் வட்டாரத்து ஆஷ்பர்ன்ஹாம் என்னும் ஊரில் 1813-ல் பிறந்தவர். தந்தை உழைப்பாளி, தாய் அறப்பள்ளியில் கற்பித்தவர், பிள்ளைகள் பலர். பதின்மூன்று வயதில் வீட்டு வேலைக்குச் சென்றார்.

அவர் துணியில் கரையில்லை, பறவையில்லை, அரிச்சுவடியில்லை. வெள்ளை லினனில் செந்நிறப் பட்டுநூலால் நுண்ணிய குறுக்குத் தையலில் வரி வரியாக உரைநடை. எனக்கு எழுதத் தெரியாது. ஆகவே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம்விட்டுச் சொல்வதைப் போல இங்கே பதிகிறேன் என்ற பொருளில் தொடங்குகிறது. வேலை செய்த இடத்தில் முதலாளியிடம் பட்ட கொடுமையை வெளியிட முடியாமல் தவித்ததையும், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியதையும், அவ்வெண்ணம் பாவமென்று அஞ்சி நடுங்கியதையும் சொல்லிச் செல்கிறது. தன் ஆன்மா என்னாகுமோ என்னும் கேள்வியில், வாக்கியம் முடியுமுன்னே, தையல் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே துணி வெறுமையாக இருக்கிறது.

‘எழுதத் தெரியாது’ என்பதை எழுதிக் காட்டிய இம்முரணே நம் பொருளின் உயிர்நிலை. பேனா பிடிக்கும் எழுத்தையே எழுத்தென்று அவருக்குக் கற்பித்திருந்தார்கள். ஊசியால் எழுதியதை அவரே எழுத்தாக எண்ணவில்லை. ஆனால் அறிவுரைச் செய்யுளுக்கென்று அளிக்கப்பட்ட கலையைக் கொண்டே தன் துயரைத் தன் சொல்லால் பதிந்துவிட்டார். நாவறுக்கப்பட்ட ஃபிலோமெலா தனக்கு நேர்ந்த கொடுமையைத் துணியில் தெரிவித்த கிரேக்கக் கதை பழையது. ஷேக்ஸ்பியர் ‘டைட்டஸ் ஆண்ட்ரானிகஸ்’ நாடகத்தில் அக்கதையைக் கூறும்போது அத்துணியைச் சாம்ப்ளர் என்றே குறிக்கிறார். கதையில் வந்தது ஆஷ்பர்ன்ஹாம் சிற்றூரில் மெய்யாயிற்று.

துணி நின்ற இடத்தில் வாழ்வு நிற்கவில்லை என்பது ஆறுதல். எலிசபெத் பார்க்கர் பிற்காலத்தில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி, 76-ஆம் வயதில் 1889-ல் இயற்கை எய்தினார். வாக்கியத்தை முடிக்காத கை பல சிறுமியர்க்கு எழுத்தறிவித்தது.

நம் வீட்டுச் சுவரில்

சாம்ப்ளர் தைத்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த பெண்கள் சிலர் மிஷன் பணியாளராகத் தமிழ் வழங்கும் நிலத்துக்கும் வந்தனர். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்குக் கல்வியோடு லேஸ் பின்னலும் பயிற்றுவித்தார். யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824-ல் ஹேரியட் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய மகளிர் விடுதிப் பள்ளியிலும் தையல் பாடத்துக்கு இடமிருந்தது. பின்னர்த் தையல், பெண்கள் பள்ளிகளில் ஒரு பாடமாகவே நிலைபெற்றது. குறுக்குத் தையலில் ‘நல்வரவு’ என்று எழுதி, மயிலோ கிளியோ அமைத்து, கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டிய வீடுகளை நம்மில் பலர் அறிவோம். தலையணை உறைகளில் பெயரெழுத்துகளைக் கண்டிருப்போம். அவற்றைத் தைத்தவர் யாரென்று கேட்டறிந்தவர் எத்தனை பேர்?

மேலைநாட்டில் இத்துணிகள் காக்கப்பட்டதற்குத் தொகுப்போரின் அக்கறை முதற்காரணம். மார்கஸ் ஹியூஷ் என்பவர் 1900-ல் லண்டனில் இவற்றுக்கெனக் கண்காட்சி அமைத்து ஒரு நூலும் எழுதினார். 1921-ல் அமெரிக்காவில் போல்ட்டன், கோ என்னும் இரு பெண்மணிகள் அந்நாட்டுச் சாம்ப்ளர்களைத் தேடித் திரட்டிப் பெரும் பட்டியல் ஒன்றை நூலாக்கினர். அதனால்தான் இன்று பெயர்களாவது நமக்குக் கிடைக்கின்றன.

பத்தாண்டுகளாகக் கவிதை படித்தும் எழுதியும் கூடிவரும் நம் வட்டத்தார் எழுத்தைப் போற்றுபவர்கள். பழைய வீடுகளைக் காலி செய்யும்போது ஏட்டுச் சுவடி இருக்கிறதா என்று பரணைத் தேடுகிறோம், அது நற்பணி. அப்போதே சுவரில் மங்கிக் கிடக்கும் தையல் சட்டத்தையும் ஒரு முறை இறக்கிப் பார்க்கலாம். துணியின் மூலையிலோ மறுபுறத்திலோ இரண்டெழுத்தும் ஓர் ஆண்டும் இருக்கக்கூடும். அவ்வீட்டில் முதியோர் இருந்தால், அவ்வெழுத்துகள் யாரைக் குறிக்கின்றன என்று அவர் இருக்கும்போதே கேட்டு, பெயரையும் ஊரையும் தாளில் குறித்து அத்துணியோடு வைத்துவிடுவது நம் கடமை.